கடத்தல்

புளியந்தோப்பு ஆடுதொட்டியில்
விடிவதற்கு முன்பே என்னைத் தெரியும்.
"ஆர்ட்டு டீச்சர் வந்துட்டாங்க" என்பார் ஷம்சீர்.
ஆர்ட்டு என்றால் ஹார்ட்டு.
நான் டீச்சரும் இல்லை.
சூடு ஆறுமுன் உப்புக்கரைசலில் அலசி
ஐஸ் பெட்டியில் இறக்கித் தருவார்.
"ஈரலுக்குத்தான் கிராக்கி,
இத எவன் கேக்குறான்?"

சிந்தாதிரிப்பேட்டையில் பறக்கும் ரயில்.
கதவருகே ரயில்வே போலீஸ்காரர்,
நெஞ்சில் பெயர்ப்பட்டை: பூ. தணிகைமலை.
பெட்டியில் என்ன?
இதயம், என்றேன்.
முறைத்தார்.
ஆட்டோடது சார். ஆராய்ச்சிக்கு.
துறை தந்த கடிதத்தை வாங்கி
எழுத்துக்கூட்டி வாசித்தார்:
இதயத் தசையில் மின்கடத்தல் கோளாறுகள்.
"கடத்தல்னு நீங்களே எழுதி வெச்சிருக்கீங்க."
ஒரு சொட்டு ஐஸ் தண்ணீர்
அவர் பூட்ஸில் விழுந்தது.
சட்டென்று காலை இழுத்துக்கொண்டார்.

தரமணி. மூன்றாவது மாடி.
கண்ணாடிக் குழாயில் தொங்கவிட்டு
வெதுவெதுப்பாய்த் திரவம் ஏற்றினால்
முதலில் ஒரு நடுக்கம்,
பிறகு
உடம்பு போன சேதி இன்னும் எட்டாததுபோல
அடிக்கத் தொடங்கும்.

சாயம் ஏற்றி விளக்கை அணைத்தால்
மின்சாரம் போகும் வழி தெரியும்.
மேலறையில் புறப்படும்.
நடுவில் ஒரு கணுவில் நிற்கும்,
கீழறை நிரம்பட்டும் என்று,
நொடியில் பத்தில் ஒரு பங்கு.
பிறகு இறங்கும்.
அந்தக் காத்திருப்பு
நீண்டு நீண்டு
இறங்காமலே போவதும் உண்டு.

கடுகளவு தழும்பு ஒன்று சுட்டு வைப்போம்.
அலை வரும், தழும்பைச் சுற்றிப் போகும்.
சில நாள் அவ்வளவுதான்.
சில நாள் சுற்றிப் போன அலை
தன் வாலையே எதிரில் கண்டு
விடாமல் துரத்தும்.
தசை முழுக்கத் துள்ளும்,
ஒரு சொட்டு வெளியே போகாது.
ஏன் சில நாள் மட்டும்?
தெரியாது.
அதற்குத்தான் ஷம்சீர், ஐஸ், ரயில், ஐந்து வருடம்.

மே மாதத்தில் ஒருநாள் சரியாக அப்போது மின்தடை.
தமிழில் இது ஒரு வசதி,
கம்பி முரண்டு பிடிப்பதற்கும்
தெருவே இருண்டுபோவதற்கும் ஒரே சொல்.
பம்பு நின்றது. கேமரா நின்றது.
ஜெனரேட்டர் உறுமும்வரை இருட்டில்
அது மட்டும் அடித்துக்கொண்டிருந்தது
யாரிடமும் இணைப்பு வாங்காமல்.

தணிகைமலை இப்போதெல்லாம்
பெட்டியைத் திறக்கச் சொல்வதில்லை.
ஒருநாள் தொப்பியைக் கழற்றினார்.
"வீட்ல அவளுக்கு
திடீர்னு நெஞ்சு நின்னு நின்னு கெளம்புதாம்.
ஸ்டான்லிக்குக் கூட்டினு போனா
ஈசிஜி சுத்தமா இருக்கு.
நாங்க ரவுண்ட்ஸ் போறப்ப
எவனாவது நிப்பானா, சொல்லுங்க?"
நான் அந்த டாக்டர் இல்லை, என்றேன்.
ஒரு நாள் முழுக்க உடம்பில் மாட்டிவிடும் கருவி உண்டு,
கேட்டுப் பாருங்கள், என்றேன்.
அதற்குமேல் எனக்கு
ஆடுகளைப் பற்றித்தான் தெரியும்.

ஆடி பிறந்து பத்து நாளிருக்கும்.
சட்டைப்பையிலிருந்து எடுத்தார்
நான்காய் மடித்த ரோஸ் நிறக் கட்டக்காகிதம்.
இரவு இரண்டு பதினான்கு.
ஒரு துடிப்பு.
பிறகு என் நடுவிரல் நீளத்துக்கு ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது,
மூன்று சின்ன மேடுகள்.
மேலறை கூப்பிட்டிருக்கிறது, மூன்று முறை.
கீழே போய்ச் சேரவில்லை.
பிறகு
ஏதும் நடவாததுபோல் அடுத்த துடிப்பு.

"பதினேழு கட்டம்மா. எண்ணிட்டேன்.
அவ தூங்கினு இருந்தா.
நான் டூட்டில இருந்தேன்."

கஸ்தூரிபா நகருக்கு முன்னால்
சிக்னல் கிடைக்காமல் வண்டி நின்றது.
"புடிச்சிட்டாங்கல்ல?" என்றார்.
"பிடிச்சாச்சு" என்றேன்.
பெட்டி சொட்டிக்கொண்டிருந்தது, அவர் பூட்ஸின்மேல்.
காலை நகர்த்திக்கொள்ளவில்லை.