தப்பான துறை

பஞ்சத்து ஆண்டில், கூலியாகக் கஞ்சி ஊற்றி
கல் சுமக்க வைத்தார்கள்.
டப்ளினிலிருந்து வந்த பொறியாளர்
வரைபடத்தைத் தலைகீழாய்ப் பிடித்திருந்தார் என்பது
கில்வராக்கில் இன்றும் பேச்சு.
மேல்காற்று முகத்தில் அறையும் பக்கம் துறை;
ஒரு படகும் ஒட்டாது.

சொல்லியிருக்கலாம்.
சொன்னால் வேலை நிற்கும், கஞ்சியும் நிற்கும்.
நூறு பேரும் வாயை மூடிக்கொண்டு
கடைசிக் கல்வரை நூல்பிடித்து அடுக்கினார்கள்.

இப்போது அதில் கடற்பாசி காய்கிறது.
ஃபெஸ்டி மல்கெரின் டீலியாவிடம்
அங்கே வைத்துத்தான் கேட்டான்.
காற்றில் அவளுக்குக் காதில் விழவில்லை.
‘என்ன?’ என்றாள்.
‘ஒன்றுமில்லை’ என்றான்.
மறு வாரமும் போனார்கள்.

போன மாரியில் வந்த புயல்
சரியான பக்கத்துப் புதுத் துறையைப் பெயர்த்துப் போனது.
இது அசையவில்லை.
காலையில் ஊரே வந்து
அதன்மேல் ஏறி நின்று
படகுகள் மிதந்துபோவதைப் பார்த்தது.