மஞ்சள் பொத்தான்

ஓலு நகரில் பிற்பகல் இரண்டரைக்கே விளக்குப் போட்டாயிற்று.
சமையல் மேசையில் காபிக் கறையோடு
என் சதுப்புப் பூதம் கிடக்கிறது, இரண்டு பக்கம்:
உயிர்ப்புள்ளி தொண்ணூற்றாறு,
கவசம் பதினைந்து,
சுற்றுக்கு இரண்டு அறை,
மூச்சுப் பட்டால் உடம்பு மரத்துவிடும்.

கைப்புத்தகச் சூத்திரப்படி
ஐந்தாம் படி ஆட்கள் நால்வருக்கு இது
'கடினம், முடியாததில்லை.'

சூத்திரத்தோடு எனக்குச் சண்டையில்லை.
பகலில் லிஃப்ட் பரிசோதிப்பவள் நான்.
'எட்டுப் பேர், அறுநூற்று முப்பது கிலோ' என்று
உள்ளே ஒட்டிய தகட்டுக்கு என் கையெழுத்துத்தான் சாட்சி.
அந்த எட்டுப் பேரை நான் பார்த்ததில்லை.
எழுபத்தெட்டே முக்கால் கிலோ மனிதன்
எந்த மாடிக்கும் போனதில்லை.
ஆகவே இரும்புக் கட்டிகளை அடுக்கி ஏற்றி
கம்பிவடம் முனகுவதைக் கேட்டபிறகே
பேனா மூடியைத் திறப்பேன்.

பூதத்துக்கு இரும்புக் கட்டி எங்கே தேட?
நால்வருக்காகவும் நானே பகடை உருட்டினேன்.
பதினோரு போர். ஏழில் அவர்களுக்கு வெற்றி.
'நியாயம்' என்று எழுதி அடிக்கோடும் இழுத்தேன்.

வியாழக்கிழமை வந்தவர்கள் அந்த நால்வர் இல்லை.
ஆர்ட்டு, பகடைக்கும் அவனுக்கும் ஜென்மப் பகை.
ஹில்லா, யாருக்காவது தேவைப்படுமே என்று
குணமாக்கும் மந்திரத்தைக் கடைசிவரை முடிந்து வைத்திருப்பவள்.
யெரே, கதவு எந்தப் பக்கம் என்பதே அவன் முதல் கேள்வி.
அப்புறம் யால்மரி.
ராஹே உருக்காலையில் இரவு வேலை முடித்து
எழுபத்தைந்து கிலோமீட்டர் பனியில் பஸ் பிடித்து வந்தவன்.

முதல் சுற்றிலேயே பூதம் அவன்மேல் மூச்சு விட்டது.
உருட்டினான். மூன்று.
மறுபடி உருட்டினான். ஆறு.
மற்றவர்கள் வெட்டினார்கள், கத்தினார்கள், விரல் விட்டு எண்ணினார்கள்.
அவன் முறை வந்தபோதெல்லாம்
'உன்னால் அசைய முடியாது' என்றேன்.
ஐம்பது நிமிடம்.
ஏலக்காய் ரொட்டி சுற்றிய தாளை
நான்காக மடித்தான், எட்டாக, பதினாறாக,
அதற்குமேல் தாள் மடியவில்லை.

பூதம் செத்தது. நம் ஆட்களில் ஒருவருக்கும் சாவில்லை.
கணக்கு எள்ளளவும் பிசகவில்லை.
ஹில்லா என் முதுகில் தட்டினாள்.
யால்மரி பூட்ஸுக்குள் காலை நுழைத்தபடி
'நல்ல பூதம்' என்றான்,
யார் வீட்டிலோ உப்பில்லாத சூப்பைப் புகழ்வதுபோல.

அடிக்கோட்டை அழிக்கிறேன், தாள் கிழிகிறது.
முறை என்கிறோம். முறை அவனுக்கு வந்தது,
ஒன்பது தடவை,
ஒரு முறைகூட அவனிடம் இருக்கவில்லை.

கறைக்குப் பக்கத்தில் எழுதுகிறேன்:
'மரத்தவன் கண் மரப்பதில்லை.
பூதத்தின் தோலில் எங்கே மெல்லிசு என்று
அவனுக்கு மட்டும் தெரியும்.
கூவலாம்.'
பூதம் நோஞ்சானாகிவிடும் என்கிறது சூத்திரம்.
ஆகட்டும்.

ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவே
நின்றுபோன லிஃப்டுக்குள்ளும்
ஒரு மஞ்சள் பொத்தான் உண்டு.
எல்லாம் சரியாக இருந்து அது மட்டும் ஒலிக்காவிட்டால்
நான் கையெழுத்துப் போடுவதில்லை.