டைம் கீப்பருக்கு ஒருநாள் விடுப்பு

குந்துகால் படகுத்துறையில்
தண்ணீர் பாட்டில்களை மூடியோடு எண்ணி எழுதிக்கொண்டார்கள்.
திரும்பும்போது கணக்கு சரியாக இருக்கவேண்டுமாம்.
எங்களையும் எண்ணினார்கள்:
பன்னிரண்டு.

மிதவைச்சட்டை நெஞ்சை இறுக்கியது.
பாம்பன் பாலம் தேய்ந்து சீப்பாகி
அப்புறம் கோடாகி
அப்புறம் நான் பார்க்கவில்லை.

பத்தொன்பது வருடமாய்
ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில்
ஒலிபெருக்கிக்குப் பின்னால் இருப்பவன்.
பரமக்குடி மானாமதுரை மதுரை
கீழக்கரை ஏர்வாடி சாயல்குடி
ஒரே மூச்சில்.
"ராத்திரி தேவிபட்டினம் வண்டியை
மூணு தடவை கிளப்புனீங்க" என்கிறாள்
சண்முகக்கனி.
தொண்டை டாக்டர் சீட்டில் ஒரே வரி:
பேச வேண்டாம்.

கரையெல்லாம் செத்த பவளம்.
மிதித்தால்
யார் வீட்டுப் பீங்கானோ நொறுங்குவதுபோல் சத்தம்.
காவலர் சவேரியாபிச்சை
முழங்கால் நீரில் குனிந்து
பவளத்தை மூடிய கப்பாப்பாசியைப் பிய்த்து
சாக்கில் திணித்துக்கொண்டிருந்தார்.
"என் சம்சாரம் அக்கரையில
இதைத்தான் சார் வளக்குறா."
நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஒரு மணி நேரம்
எதுவும் எங்கும் கிளம்பவில்லை.
அலை வந்தது.
எந்த ஊரிலிருந்து, எத்தனையாவது நடைமேடைக்கு
என்று நான் சொல்லவேண்டியிருக்கவில்லை.

புறப்படும்போது எண்ணினார்:
பதினொன்று.
மறுபடியும் பதினொன்று.
விசிலை ஊதினார், உள்ளே மணல்.
அக்கா என்றார்கள், மேடம் என்றார்கள்.
காற்று அதையெல்லாம் வாரி
மண்டபம் பக்கம் கொட்டியது.

யாரும் என்னைக் கேட்கவில்லை.
நானாகத்தான் எழுந்தேன்.
பெயர் தெரியாத ஒருத்தியை என்ன சொல்லி அழைப்பது?
இல்லாத மைக்கை இரண்டு தட்டு தட்டினேன்.
"பாம்பன் மண்டபம் உச்சிப்புளி ராமநாதபுரம்
வண்டி புறப்படத் தயாராக உள்ளது
பயணிகள் ஏறி அமரவும்."

ஸ்டாண்டில் என் குரல்
கான்கிரீட் கூரையில் முட்டி
என் தலையிலேயே விழும்.
இங்கே அது போனது.
போய்க்கொண்டே இருந்தது.
இந்நேரம் தலைமன்னாரில் யாராவது
மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்திருப்பார்கள்.

தாழம்புதருக்கு அப்பாலிருந்து வந்தாள்,
செருப்பைக் கையில் பிடித்தபடி
கொஞ்சமும் அவசரமில்லாமல்.
"உச்சிப்புளியில நிக்குமா?"

படகே சிரித்தது.
பதில் சொல்ல வாயைத் திறந்தேன்,
காற்றுதான் வந்தது.
இரண்டு விரலைக் காட்டினேன்:
இரண்டு நிமிடம்.