பவுன் விலை

மாதனூர் பவுனு வண்டியில் பாடமாட்டாள்.
இருபத்தாறு வருஷமாய் ஓட்டுகிறேன்,
ஒரு முணுமுணுப்புகூடக் கேட்டதில்லை.
கழுத்தில் ஈரத்துண்டு,
மடியில் சுக்குத்தண்ணி பிளாஸ்க்.
பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும்
வாய் பிளந்து தூங்குவாள்.
ஊரெல்லாம் எதைக் குரல் என்கிறதோ
அது எனக்குக் குறட்டை.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருந்தவள்.
இடதுகால் மேல்தோல் தைக்கிற வரிசை.
வலதுகால் வரிசை சுவருக்கு அந்தப் பக்கம்.
நாற்பது மிஷின் ஓடும்போது
கத்தினால்தான் பக்கத்தவளுக்குக் கேட்கும்.
கத்திக் கத்தி
ஒருநாள் அது பாட்டாயிற்று:

"எடங்கால் செருப்பு நான் தச்சேன்
வலங்கால் தச்சவன் எங்கடா?"

சூப்பர்வைசர் அஞ்சு ரூபாய் அபராதம் போட்டார்.
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எவனோ விசிலடித்தான்.
அவனைத்தான் கட்டிக்கொண்டாள் என்று
மேடைக்கு மேடை அறிவிப்பாளர் அளப்பார்.
பொய்.
அவள் கட்டிக்கொண்டது உதயேந்திரத்துப் பம்பைக்காரனை.
மூணாம் வருஷம் மஞ்சக்காமாலை,
வேலூர் பெரியாஸ்பத்திரி, முடிந்தது.
பதினாறாம் நாள் காரியம்.
பதினேழாம் நாள் ஒடுகத்தூரில் கச்சேரி.
அட்வான்ஸ் வாங்கியிருந்தாள்.

கேசட் கதை எனக்குக் கேள்விதான்.
லாங் பஜாரில் ஒரு மாடி,
சுவரெல்லாம் முட்டை அட்டை,
சத்தம் விழும் என்று ஃபேனை நிறுத்திவிட்டார்கள்.
வேர்க்க வேர்க்க எட்டுப் பாட்டு.
முதலாளி எண்ணிக் கொடுத்தது மூவாயிரத்து முந்நூறு.
ஒரு பவுன் அன்றைக்கு அதே விலை.
"பவுனுக்குப் பவுன் வெல, சரியாப் போச்சி"
என்று சிரித்தாராம்.
அவளும் சிரித்தாளாம்,
ஸ்டாம்ப் ஒட்டின தாளில் கையெழுத்துப் போட்டபடி.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்.
காதுகுத்து, கல்யாணம், மினிபஸ், ராட்டினம்.
பேர்ணாம்பட்டு பஸ்ஸில் அவளுக்கு டிக்கெட் கிழிக்கமாட்டார்கள்.
துபாய் போனாள்.
டிவியில் நடுவராய் உட்கார்ந்து
அழுத பிள்ளைக்கெல்லாம் பத்துக்குப் பத்து போட்டாள்.
அடுத்த சீசனுக்குக் கூப்பிடவில்லை.
மாடிவீடு கட்டினாள்.
மாடி ஏற முழங்கால் விடவில்லை.

போன வருஷம் தங்கச்சி பையன்
அவள் பாடுவதைப் போனில் எடுத்து யூடியூபில் போட்டான்.
மூணாம் நாள் காணோம்.
பாட்டுக்குச் சொந்தக்காரர் புகார் என்று வந்திருந்தது.
"நாந்தானே கீறேன்.
நான் எப்பொ புகார் குடுத்தேன்?"

லாங் பஜாருக்கு விடச் சொன்னாள்.
கேசட் கம்பெனி இருந்த இடத்தில் மொபைல் கவர் தொங்குகிறது.
முதலாளி மகன் நல்ல பையன், ஜூஸ் வரவழைத்தான்.
மூவாயிரத்து முந்நூறை மேசைமேல் வைத்தாள்.
"அம்மா, பவுன் இன்னிக்கி இன்னா வெல தெரியுமா?"
ஜூஸைத் தொடாமல் எழுந்தாள்.
பணத்தை ஒருதரம் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான்
பையில் போட்டாள்.

வைகாசி ஒண்ணு, குடியாத்தம் சிரசுத் திருவிழா.
வக்கீல் சொன்ன யோசனைப்படி வரியை மாற்றினாள்:
"எடங்கால் செருப்பு நான் தச்சேன்
ஏன்னு கேக்க நீ யார்ரா?"
யார் கேட்டார்கள்?
கவுண்டன்ய ஆற்று மணலில் உட்கார்ந்திருந்த சனமெல்லாம்
பழைய வரியையே பாடியது.
மூணுதரம் மாற்றிப் பார்த்தாள்.
மூணுதரமும் அவர்கள் வலங்காலைத்தான் தேடினார்கள்.
மைக்கை இடுப்பில் ஊன்றிக்கொண்டு
அவர்கள் முடிக்கட்டும் என்று நின்றாள்.
இறங்கி வந்து என்னிடம் சொன்னது:
"இவுங்களுக்கு அனுப்பச் சொல்லு நோட்டீஸ."

திரும்பும்போது மணி மூணு.
வண்டி விளக்கில் பணத்தை எட்டாய்ப் பிரித்தாள்.
பேட் வாசிக்கிறவன் மகளுக்கு நர்சிங் ஃபீஸ்,
அவன் பங்கில் இரண்டு தாள் கூட.
பின்கதவு சாத்தவில்லை, கயிறு கட்டியிருந்தது.

மேல்பட்டியில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள்.
இன்ஜினை அணைத்தேன்.
கேட்காரர் ஸ்டூலில் சாய்ந்து
போனில் அதே பாட்டு வைத்திருந்தார்,
பழைய கேசட், இருபத்திரண்டு வயசுக் குரல்.
முழுசும் கேட்பாள் என்று நினைத்தேன்.

"கண்ணாடிய ஏத்து," என்றாள்.
"தூங்கணும்."