மூன்று முக்கோணங்கள்

மார்ச் மாதம். மோனஹான்ஸ் தாண்டி
மணல் எழுந்து சாலையைத் தின்றுகொண்டிருந்தது.
என் பின்னால் ஐம்பத்து மூன்று அடி நீளத்துக்குக்
கழிப்பறைக் காகிதம்:
காற்றடித்தால் தூளியாய் ஆடுகிற சரக்கு.
எல் பாசோவிலிருந்து டாலஸ்,
பதினோரு ஆண்டுகளாக என் இரவு வழி.

ஓரத்தில் ஒரு வெள்ளை லாரி நின்றது.
விளக்குகள் இமைத்துக்கொண்டிருந்தன.
பின்னால் எச்சரிக்கை ஏதும் இல்லை.

நிறுத்தினேன்.
யோசித்து நிறுத்தினேன் என்றால் பொய்.
கால் நிறுத்தியது.
இறங்கிப்போய்க் கதவைத் தட்டினேன்:
"என்னப்பா, உயிரோடு இருக்கியா?"
கேட்டு முடிப்பதற்குள் வாயெல்லாம் மணல்.

படியேறி எட்டிப் பார்த்தேன்.
இருக்கையின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.
ஸ்டீயரிங் மட்டும்
இடப்பக்கம் ஒரு விரற்கடை, வலப்பக்கம் ஒரு விரற்கடை,
தூக்கத்தில் புரள்கிறவர் போல.
கூரையிலிருந்து ஒரு பெண்குரல்:
"உதவி வந்துகொண்டிருக்கிறது. தயவுசெய்து விலகி நில்லுங்கள்."
இனிமையான குரல். என்னைவிட இலக்கணம் சுத்தம்.

சட்டம் எனக்கு மனப்பாடம்.
நின்ற பத்து நிமிடத்துக்குள் சிவப்பு முக்கோணங்கள்,
பத்தடியில் ஒன்று, நூறடியில் ஒன்று, இருநூறடியில் ஒன்று.
அதற்கு முப்பது கண்கள் இருக்கலாம்.
இறங்கி நடக்க ஒரு கால் இல்லை.
என் பெட்டியைத் திறந்தேன்.

இருநூறடி ஒரு தூரமே இல்லை.
முழங்கைக்குப் பக்கத்தில் உலகம்
மணிக்கு எழுபத்தைந்து மைலில் போகும்போது
தூரம்தான்.
மூன்றாவதைக் காற்று தள்ளிற்று.
அடியில் ஒரு கல்லை வைத்தேன்.

திரும்பி வந்தால்
என் வண்டிக்குள் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.
அது முடிந்தால் நான் படுத்தாக வேண்டும், அதுவும் சட்டம்.
இருபத்திரண்டு நிமிடம் போயிருந்தது.
வெள்ளைக்கு அப்படியொரு கடிகாரம் கிடையாது.

பிக் ஸ்ப்ரிங் உணவகத்தில் க்ளோவிஸ் ஹார்டிமன்
முட்டைமேல் மிளகாய்ச் சாறு ஊற்றியபடி சிரித்தான்:
"சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டாய்."
"முக்கோணம் நிற்கிற வண்டிக்கில்லை," என்றேன்,
"பின்னால் வருகிறவனுக்கு."
"பின்னால் வருவதும் அதுதான்," என்றான்.
எனக்குப் பதில் வரவில்லை.
காபிக்கு அவனே காசு கொடுத்தான்.

ஜூலையில் ரெனாட்டா கூப்பிட்டாள்.
சரக்கு ஒதுக்குகிறவள். கெட்ட செய்திக்கு முன்
நாய் எப்படி இருக்கிறது என்று கேட்பாள்.
நாயைக் கேட்டாள்.
இரவு வழி இனி எனக்கில்லை.
டாலஸுக்குள் கடைசிப் பதினைந்து மைல் தருவார்களாம்:
முட்டுச்சந்துகள்,
பின்னோக்கிப் போய் ஒட்ட நிறுத்துவது,
கிடங்குக்காரனோடு வாய்ச்சண்டை.
வாய்ச்சண்டைக்கு இன்னும் இயந்திரம் வரவில்லை.
அந்த "இன்னும்" என்ற சொல்லை
அவள் சொன்னாளா, நான் சொன்னேனா,
நினைவில்லை.

ஒன்றை விட்டுவிட்டேன்.
அன்று முக்கோணங்களை அங்கேயே வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.
அடுத்த வாரம் அந்த இடத்தில் மெதுவாகப் போய்ப் பார்த்தேன்.
லாரி இல்லை. முக்கோணங்களும் இல்லை.
கல் இருந்தது.

ஒரு செட் இருபத்தாறு டாலர்.
பெரிய காசில்லை, ஆனால் என் காசு.
அந்தக் கம்பெனிக்கு எழுதினேன்.
திரையில் நிரப்ப ஒரு படிவம் வந்தது.
தேதி. இடம். பொருள்.
நான்காம் கட்டம்:
நின்றிருந்த வண்டியின் ஓட்டுநர் பெயர்.
பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
வெறுமையாய் விட்டேன், போக மறுத்தது.
கோடு போட்டேன், மறுத்தது.
எவருமில்லை என்று எழுதினேன்,
முதற்பெயரும் குடும்பப்பெயரும் தனித்தனியே கேட்டது.

லொரீன். பிக்கெட்.
என் பெயரையே அடித்தேன்.

நன்றி என்றது.