இடஞ்சுழி

முன்னூறு தொப்பி, காற்றாலைக் கம்பெனி ஆர்டர்.
நெற்றியில் ஒன்றும் வேண்டாமாம்,
ரெண்டு காதுக்கும் மேலே மூன்றிறக்கைச் சக்கரம்,
அது சுற்றும் திசைக்கு ஒரு வளைகோடு.

பக்கவாட்டில் தைப்பது தலைவேதனை.
சேட்டைக்காரப் பயல் காதைத் திருகுவதுபோல்
தொப்பியைத் திருகி பிரேமில் மாட்டணும்.
மடிப்புத் தையல் குறுக்கே வந்தால்
டக்கென்று ஊசி முறியும்.
பதினொன்றாம் நம்பர் பணகுடியில் கிடைக்காது,
வள்ளியூருக்கு பஸ் ஏறணும்.

வலப்பக்கத்துக்குப் படத்தைப் புரட்டிப் போட்டது நான்தான்.
ஒரு ஜோடிக் கம்மல் மாதிரி இருக்கட்டுமே என்று.

இருநூற்றுப் பன்னிரண்டு முடிந்தபோது
எஞ்சினியர் அறிவரசு வந்தார்.
ஒன்றைத் தலையில் வைத்தார், கழற்றினார்.
‘எந்த ஊர்ல காத்தாடி ரிவர்ஸ்ல சுத்துது?’

செல்வின் முதலாளி என்னைப் பார்த்தார்.
அவர் உதடு என் சம்பளத்தை
மாசம் மாசமாகக் கழித்துக்கொண்டிருந்தது.

மேற்கு ஜன்னலைத் திறந்தேன்.
ஆனிக் காற்று புகுந்து
வெட்டிப்போட்ட நூல் நுனியெல்லாம்
மூன்று பேர் மேலும் இறைத்தது.
காற்றுக்கு முகமும் எங்களுக்கு முதுகுமாக
நாற்பத்தேழாம் நம்பர் நின்றது,
இடஞ்சுழியாய்ச் சுற்றிக்கொண்டு.

ரொம்ப நேரம் பார்த்தார்.
‘அதைப் பின்னாலிருந்து யாரும்மா பார்ப்பா?’

‘நாங்கதான் சார்.’

மீசையில் ஒட்டிய நீல நூலோடு
மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகப் போனார்.
இருநூற்றுப் பதிமூன்றாவது
பாதித் திருகலில் பிரேமில் இருக்கிறது.
ஜன்னலை இன்னும் யாரும் சாத்தவில்லை.