சில்லறை இல்லாத நாள்

இருபத்திரண்டு வருஷமாக
நகரும் படிக்கட்டின் அடியில்
கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறேன்.
திபிலிசி நகரமே என் முன்னால்
ஏறுகிறது, இறங்குகிறது;
ஒருவரும் காலைத் தூக்குவதில்லை.
பார்ப்பது என் வேலை.
யாராவது விழுந்தால் சிவப்புப் பொத்தானை அமுக்குவேன்.
மற்ற நேரம் மைக்கில் அதட்டுவேன்:
"படியில் உட்காராதே, தம்பி. எழுந்திரு."

பார்த்துக்கொண்டே இருந்ததில்
மேலே போனவர்களின் பங்கும் சேர்ந்து
என்மேல் படிந்தது.
வருஷத்துக்கு ஒரு கிலோ என்று வைத்தாலும்
கணக்கு சரியாகத்தான் வருகிறது.
ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மறுநாள்
சீருடைப் பாவாடையின் கொக்கி தெறித்து
கூண்டுக் கண்ணாடியில் பட்டு
டிங் என்றது.

டாக்டர் லமாரா
ரத்தப் பரிசோதனைத் தாளைத் திருப்பிக் காட்டி,
"சர்க்கரை வாசல்வரை வந்துவிட்டது, த்சியாலா.
உள்ளே விடுவதும் விரட்டுவதும் உன் கையில்" என்றாள்.
பிறகு, "காலில்" என்று திருத்திக்கொண்டாள்.

அதற்கெல்லாம் நான் மசியவில்லை.
அன்றிரவும் ஜும்பர் சுட்ட கச்சாபுரியில்
வெண்ணெய் மிதந்த நடுத்துண்டு எனக்குத்தான்.

என்னை மடக்கியது இருபது தெத்ரி.
வார்கெத்திலியில் எங்கள் கட்டடத்து லிஃப்ட்
காசு போட்டால்தான் நகரும்.
ஒரு நவம்பர் இரவு
பையைக் கவிழ்த்துத் தேடினேன்:
இரண்டு சாவி, மாத்திரை அட்டை,
கசங்கிய நோட்டு ஒன்று.
பெட்டி நோட்டைத் தின்னாது.
எட்டு மாடி.

மூன்றாவதில்
படியில் உட்கார்ந்துவிட்டேன்.
எனக்கே என் குரல் கேட்டது:
எழுந்திரு.
எங்கே எழ? பத்து நிமிஷம்
யார் வீட்டிலோ வதங்கிய பூண்டின் வாசனையை
ஓசியில் தின்றேன்.

மறுநாள் காசு இருந்தது.
இருந்தும் ஏன் ஏறினேன் என்று
இன்றுவரை தெரியாது. கோபமாக இருக்கலாம்.

இந்தக் கட்டடத்தில் எனக்குத்
தரைத்தளம் தெரியும், எட்டாம் மாடி தெரியும்.
நடுவில் இருந்ததெல்லாம் ஒரு குலுக்கல்.
நான்காவதில் ஒரு நாய்
என் மூச்சிரைப்பைப் பார்த்துக் குரைத்தது.
ஐந்தாவதில் நாத்தேலா வீட்டுக் கதவிடுக்கில்
மின்கட்டண ரசீதுகள் செருகிக் கிடந்தன.
இத்தாலிக்குப் போய்விட்டாளாம்,
யாரோ ஒரு கிழவியைக் குளிப்பாட்டும் வேலைக்கு.
"எப்போது?"
"போன பிப்ரவரி."
எத்தனை இரவு அவள் வாசலைக்
கம்பியில் தொங்கியபடியே தாண்டிப் போயிருப்பேன்.

போடாத காசை
ஜாம் தீர்ந்த ஜாடியில் சேர்த்தேன்.
ஜும்பர் என் ரொட்டியைப் பாதியாக வெட்டினான்;
மீதிப் பாதியை அவனே தின்றான்.
புத்தாண்டு விருந்தில் மைத்துனன் தெங்கிஸ்
கொம்புக் கோப்பையைத் தூக்கி
"பாதியாகிப் போன நம் த்சியாலாவுக்கு!" என்றான்.
பாதியாம்!
மேஜைக்கு அடியில் கொக்கியை அவிழ்த்துவிட்டுக்கொண்டேன்.
தேனும் அக்ரூட்டும் இறுகிய மிட்டாய்த் தட்டு
என் பக்கமே சுற்றிச் சுற்றி வந்தது.
இழந்த மூன்று கிலோவில் இரண்டு
ஒரே வாரத்தில் வீடு திரும்பின.
கடன் வாங்கிய உறவினர் எவரும்
இத்தனை ஒழுங்காகத் திருப்பித் தந்ததில்லை.

ஏப்ரலில் எடைக் கருவி சொன்னது: நான்கு குறைவு.
ஜாடியையும் ஏற்றிப் பார்த்தேன்: ஒன்றரை.
"ஐந்து மாதத்துக்கு இவ்வளவுதானா?" என்றான் ஜும்பர்.
இவ்வளவுதான்.
நாய் இப்போது குரைப்பதில்லை.

பணிநேரத்தில் கூண்டைவிட்டு வெளியேறக் கூடாது என்பது விதி.
உட்கார்ந்தே இருக்க வேண்டும் என்று விதியில் இல்லை;
கண்ணாடி போட்டுப் படித்துப் பார்த்தேன்.
மணிக்கொரு தரம் எழுந்து நிற்கிறேன்.
நான் எழுந்தால் ஏதோ ஆபத்து என்று
ஏறுபவர் எல்லாரும் கைப்பிடியைப் பற்றுகிறார்கள்.
ஒருத்தி குழந்தையை வாரி அணைக்கிறாள்.
மைக்கை எடுக்கிறேன்.

"ஒன்றுமில்லை.
நிற்கிறேன், அவ்வளவுதான்."